குற்றாலத்துக் காய்ச்சலும் மலைவெள்ளமும்

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கி, துண்டும் மாற்றுடையுமாகக் குற்றாலத்தை நோக்கி விரைகின்ற அன்பர்களிடம், அந்த மலைத்தொடரின் அடிவாரம் முழுவதும் ஒரு காலத்தில் காய்ச்சலுக்கு நடுங்கிக் கிடந்தது என்றும், அக்காய்ச்சலின் காரணத்தை ஆராய்வதற்கென்றே இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னைச் சர்க்கார் ஒரு வைத்தியக் குழுவை நியமித்தது என்றும் சொன்னால், அவர்கள் நம்பத் தயங்குவார்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியைப் பற்றியும், ரசிகமணி டி. கே. சி. இங்கே நடத்திய இலக்கிய விருந்துகளைப் பற்றியும் எழுதினோர் பலர். இந்த ஊருக்கு நோயும் வெள்ளமும் எவ்வாறு வந்தன, அவற்றை யார் யார் கணக்கிட்டார்கள், அந்தக் கணக்கினால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆரோக்கியத்தைத் தேடி லட்சக்கணக்கான ஜனங்கள் வந்துசேரும் ஸ்தலத்தில், அபாயத்தைப் பற்றிய ஆராய்ச்சியின் சரித்திரமும் ஸ்தலபுராணத்தின் ஒரு பகுதியாக வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் ஊரின் அமைப்பைச் சிறிது சொல்லவேண்டும். குற்றாலம் கடல் மட்டத்துக்கு மேல் 600 அடி உயரங்கூட இல்லாத ஊர். உதகமண்டலத்தையும் கொடைக்கானலையும் போல உயரத்தினால் குளிர்ச்சி பெற்றதன்று. மேற்குத் தொடர்ச்சி மலையானது செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் சற்றே தாழ்ந்து வழிவிட, மலையாளக் கரையில் தன் மழையில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்ட தென்மேற்குப் பருவக்காற்று, எஞ்சிய ஈரத்தோடு அந்த வாசலின் வழியாகப் பாண்டி நாட்டுக்குள் புகுகின்றது. திருநெல்வேலியில் வெயில் வாட்டும் அதே நாழிகையில் தென்காசியில் மேகம் கவிந்து பூந்தூறல் தூவுவதும், விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நிற்பவரின் மேல்துண்டைக் காற்று பறித்துச் செல்ல முயல்வதும் இதனால்தான். இந்த அதிசயமான குளிர்ச்சியைக் கண்டுதான் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் சீசன் காலத்தில் இங்கே வந்து தங்கலானார்கள். பங்களாக்கள் எழுந்தன, ஜாதிக்காயும் கிராம்பும் லவங்கப்பட்டையும் பயிரிடும் தோட்டங்கள் மலைச்சரிவில் உண்டாயின. 1830-களில் பாளையங்கோட்டைப் படையில் வைத்தியராக இருந்த ராபர்ட் வைட், இம்மலையின் செடிகொடிகளைச் சேகரித்துத் தாவர சாஸ்திர உலகத்துக்குக் குற்றாலத்தின் பெயரை அறிமுகப்படுத்தினார்.

ஆனால் அருவியின் பெருமை இவ்வாறு பரவுவதற்குச் சற்று முன்னர்தான் அந்தக் கொடிய ஆண்டுகள் வந்துபோயின. 1801-இல் ஆற்காட்டு நவாபோடு செய்துகொண்ட உடன்படிக்கையினால் கம்பெனியின் நேர் ஆட்சிக்குள் வந்த திருநெல்வேலிச் சீமையில், பாளையக்காரர் போர்களின் புண் முற்றும் ஆறுவதற்குள்ளாகவே, 1809, 1810, 1811 ஆகிய மூன்று வருஷங்களிலும் கொள்ளைக் காய்ச்சல் ஒன்று பரவிற்று. கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி என்ற நான்கு பிரதேசங்களும் அதற்கு இரையாயின. உழுவதற்கு ஆளில்லை, அறுப்பதற்கு ஆளில்லை, வரி கொடுப்பதற்கும் ஆளில்லை. சர்க்காரின் கவனத்தை இறந்துபோன குடியானவன் ஈர்த்தானா, வராமற்போன கிஸ்தி ஈர்த்ததா என்று இன்று தீர்மானிக்க முடியாவிட்டாலும், விளைவு நல்லதாகவே முடிந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காரணத்தை விசாரிப்பதற்கு மூன்று வைத்தியர்கள் கொண்ட குழு ஏற்பட்டது. தலைவர் டாக்டர் வில்லியம் ஐன்ஸ்லி. உடனிருந்தவர்கள் ஸ்மித், கிறிஸ்டி என்ற இருவர். அவர்களுடைய அறிக்கை 1816-இல் லண்டனில் புத்தகமாக அச்சாயிற்று.

அந்த அறிக்கையின் தலைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். அது வெறும் வைத்திய அறிக்கை என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை. வைத்தியம், பூகோளம், விவசாயம் என்ற மூன்றையும் பற்றிய அறிக்கை என்றே அதற்குப் பெயரிட்டார்கள். காய்ச்சல் வந்தவனின் நாடியைப் பிடித்துப் பார்த்ததோடு நின்றுவிடாமல், அவன் குடியிருந்த ஊர் மலைக்கு எவ்வளவு தூரம், அவ்வூரில் மழை எந்த மாதம் பெய்தது, பெய்த மழை எங்கே வடிந்தது, எங்கே தேங்கிற்று, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு என்பவற்றையெல்லாம் நோயின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று கருதிய மனிதர்களால்தான் அப்படி ஒரு தலைப்பைச் சூட்ட முடியும். ஐன்ஸ்லி சாதாரண வைத்தியரல்லர். 1813-இல் சென்னையில் அச்சான அவருடைய இந்திய மருந்துப் பொருள் நூலில், நம் நாட்டு மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு வரிசைப்படுத்தி, நம் வைத்தியர்கள் அவற்றை எவ்வாறு கையாண்டார்கள் என்பதையும் குறித்து வைத்திருக்கிறார். இந்த மண்ணில் விளைவதை இந்த மண்ணின் ஜனங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவு அவரிடம் இருந்தது. அந்நாளைய உத்தியோக வர்க்கத்தில் இது அருமையான குணம்.

எனினும் குழுவினர் தம் காலத்துச் சாஸ்திரத்தைத் தாண்டிச் செல்ல இயலவில்லை. அழுகிய இலைகளிலிருந்தும் சதுப்பு நிலங்களிலிருந்தும் எழுகின்ற விஷக்காற்றே காய்ச்சலுக்கு மூலம் என்று அன்றைய ஐரோப்பிய வைத்தியம் ஒருமுகமாக நம்பிற்று. அவர்களும் அந்த வழியிலேயே சிந்தித்தார்கள். விட்டுவிட்டுக் குளிரும் காய்ச்சலுமாக வருகின்ற அந்த நோயை இன்று மலேரியா என்று கொள்ளலாம். அதைக் கொசு பரப்புகிறது என்பதற்குச் சான்று கிடைக்க, 1897 ஆகஸ்டு 20 அன்று சிக்கந்தராபாதில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றை நுண்ணோக்கியின் கீழே அறுத்துப் பார்க்கும் வரையில், அதாவது அறிக்கை அச்சாகி 81 வருஷங்கள் கழியும் வரையில், உலகம் காத்திருக்கவேண்டியிருந்தது.

இங்கே சிறிது நின்று யோசிப்பது தகும். மலையடிவாரங்களில் மலேரியாவைப் பரப்பும் கொசுக்களுள் முக்கியமானது அனோபிலிஸ் ஃப்ளூவியாட்டிலிஸ் என்ற இனம். அது சாக்கடையில் முட்டையிடுவதன்று. தெளிந்த நீர் மெல்ல ஓடுகின்ற ஓடைகளின் கரையோரத்தில், புல் படர்ந்து நீர் அசையாதிருக்கும் இடங்களையே நாடுவது. அருவி ஆர்ப்பரித்து, ஓடைகளெல்லாம் நுரைத்தோடும் ஆனி ஆடியில் அதன் புழுக்கள் அடித்துச் செல்லப்படும். மழை ஓய்ந்து, ஓடை மெலிந்து, பாறை இடுக்குகளில் நீர் தங்கத் தொடங்கியதும் அதற்கு நல்ல காலம் பிறக்கும். சமவெளியிலோ வாய்க்கால்களிலும் வயல்களிலும் கிணறுகளிலும் வளரும் அனோபிலிஸ் கூலிசிஃபேசிஸ் அந்த வேலையை மேற்கொள்ளும். குற்றாலத்தின் குளிர்ந்த சீசன் ஆரோக்கியமான காலமாகவும், மழை ஓய்ந்தபின் அடிவாரம் அஞ்சத்தக்கதாகவும் இருந்ததற்கு இது காரணமாக இருந்திருக்கலாம். மழையையும் வடிகாலையும் தேக்கத்தையும் பார் என்று சொன்ன மூன்று வைத்தியர்களும் காரணத்தைத் தவறவிட்டார்கள்; ஆனால் பார்க்கவேண்டிய இடத்தைத் தவறவிடவில்லை. தேங்கிய நீரை வடியச் செய்தால், விஷக்காற்றை எண்ணிச் செய்தாலும் கொசு சாகத்தான் செய்யும். சுதந்தரத்துக்குப் பின் 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டத்தில் வீடுவீடாக டி.டி.டி. அடித்தவர்களும், ஒரு வகையில், அந்தப் பழைய அறிக்கையின் வாரிசுகளே.

நம்மவர்கள் வேறொரு வழியில் இந்த விஷயத்தை அறிந்திருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. குற்றாலநாதர் கோயிலில் சுவாமிக்குச் சுக்கு முதலிய சரக்குகளை இட்டுக் காய்ச்சிய கஷாயத்தை நிவேதனம் செய்யும் வழக்கம் உண்டு. குடினி நிவேதனம் என்று அதைச் சொல்வார்கள். ஓயாத சாரலிலும் அருவிக் காற்றிலும் இருக்கின்ற இறைவனுக்குத் தலைவலியும் குளிர்க்காய்ச்சலும் வந்துவிடக் கூடாதே என்ற பக்தர்களின் கவலைதான் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பக்தி என்று மட்டும் இதைக் கொண்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. நனைந்த உடம்புக்கு என்ன நேரும், அதற்கு என்ன செய்யவேண்டும் என்ற அனுபவ ஞானத்தைச் சந்நிதியிலேயே வைத்துத் தலைமுறை தலைமுறையாக மறவாமல் காத்த ஏற்பாடு இது.

காய்ச்சலுக்கு அடுத்தபடி வாந்திபேதியைச் சொல்லவேண்டும். 1817-இல் வங்காளத்தில் கிளம்பிய காலரா தெற்கே இறங்கிய நாள் முதல், ஜனங்கள் திரளாகக் கூடும் ஒவ்வொரு தீர்த்தத் துறையும் அதற்கு வாயிலாயிற்று. சித்திரை விசு, ஐப்பசி விசு, ஆடி அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாட்களில் குற்றாலத்தில் கூடுகின்ற கூட்டம், குளித்த நீரிலேயே குடிப்பதும் துவைப்பதுமாக இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று முழுமையான சட்டம் ஒன்றை 1939-இல் சென்னை ராஜதானி இயற்றியபோது, சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே அதில் ஒதுக்கினார்கள். அருவியாக விழுந்து வரும் சிற்றாறு, தென்காசியைக் கடந்து, வழியிலுள்ள அணைக்கட்டுகளுக்கும் குளங்களுக்கும் வயல்களுக்கும் நீர் கொடுத்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. மேலே ஒருவர் கரைத்துவிடும் அழுக்கு கீழே எத்தனை ஊர்களின் பாத்திரத்துக்குப் போகிறது என்பதை இதிலிருந்து அறியலாம். 2014-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருவிகளில் சோப்பும் ஷாம்பூவும் எண்ணெயும் கூடாது என்று தடுத்தபோது, எண்ணெய்க் குளியலே குற்றாலத்தின் சுகம் என்று பழகியவர்கள் முகம் சுளித்தார்கள். ஆற்றின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தடை வெகுநாள் தாமதித்து வந்தது என்றே சொல்வேன்.

இனி வெள்ளத்துக்கு வருவோம். பேரருவியில் குளித்தவர்கள் பொங்குமாங்கடலை அறிவார்கள். உச்சியிலிருந்து விழும் நீர் நேரே தரைக்கு வருவதில்லை. நடுவழியில், பாறை குடைந்த ஆழமான ஒரு பள்ளத்தில் விழுந்து, அங்கே தன் வேகத்தையெல்லாம் தானே அடித்துக்கொண்டு தணித்து, பின்பு பொங்கி வழிந்து, அகன்ற பாறைமுகத்தில் பரவி நம் தலைமேல் இறங்குகிறது. இந்தப் பள்ளம் இல்லாவிட்டால் பேரருவியின் அடியில் மனிதன் நிற்கவே முடியாது. அணைகளின் மதகுக்குக் கீழே நீரின் வேகத்தை அடக்குவதற்கென்று பொறியியலார் தொட்டி கட்டுகிறார்களே, அதே வேலையை இங்கே இயற்கை செய்து வைத்திருக்கிறது. மேலிருந்து உருண்டு வரும் கல்லும் மரக்கட்டையும் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தில் தங்கிவிடுகின்றன. ஆனால் பெருவெள்ளம் வருங்கால் பள்ளம் நிறைந்து, நீர் அதை மதியாமல் தாண்டிக் குதிக்கும். அப்போது தண்ணீரோடு என்ன வரும் என்று சொல்ல முடியாது.

இந்த அபாயத்தை அளப்பதற்கு அருவிக்கரையில் இருக்கின்ற கருவி மிகவும் எளிமையானது. குளிக்கும் இடத்தில் கட்டியுள்ள பாதுகாப்பு வளைவை, உள்ளூரார் ஆர்ச் என்பார்கள், நீர் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. காவலர் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுவார். உள்ளே விழுந்தால் அனுமதி. படிக்காதவரும் ஏறிட்டுப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்ளும் அளவுகோல் என்பதால், இதை நான் குறைவாக மதிக்கவில்லை. அருவியோரத்தில் பழகிய கடைக்காரர்களும் காவலர்களும் இதற்கு மேலும் சில குறிகளை அறிவார்கள். தெளிந்த நீர் செம்மண் நிறம் கொள்வதும், சருகும் சுள்ளியும் அதிகமாக வரத் தொடங்குவதும், அருவியின் ஓசை கனத்து மாறுவதும் மலைமேல் பெருமழை என்பதற்கு அடையாளங்கள். ஆனால் ஆர்ச்சும் இந்தக் குறிகளும் வந்துசேர்ந்த நீரைத்தான் காட்டும். வரப்போகும் நீரைக் காட்டமாட்டா. குற்றால மலையின் நீர்ப்பிடிப்பு சிறியது, சரிவு செங்குத்தானது. பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவி சுமார் 2 கிலோமீட்டர். வெள்ளம் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடி வந்தால் அத்தூரத்தைக் கடக்க 11 நிமிஷம் போதும். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வழுக்கும் பாறையில் நெருக்கியடித்து நிற்கும்போது, அவர்களை அப்புறப்படுத்தவே அந்த 11 நிமிஷம் வேண்டும். அடியில் நின்றுகொண்டு அருவியைப் பார்த்து விசில் ஊதுகிறவருக்கோ அதில் ஒரு நிமிஷங்கூட மிஞ்சுவதில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் நடந்தது இதுதான். சீசன் தொடங்குவதற்கு முந்திய கோடை மழைக்காலம். கீழே நின்றவர்களுக்குப் பெரிய அபாயம் தெரியாத பிற்பகல் வேளை. மலைமேல் பெய்த மழை திடீரென்று இறங்கி, ஜனங்கள் ஏறியிறங்கும் படிகளின் வழியாகவே பாய்ந்தது. கூட்டம் சிதறி ஓடிற்று. சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அதற்குப் பின்புதான், மலைமேல் நீர்மட்டத்தை அறியும் கருவிகளும் கீழே அபாயச் சங்கும் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. இந்தப் பக்கத்து ஊர்கள் அதற்கு முன்னும் எச்சரிக்கை பெறாதவை அல்ல. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளத்தை நெல்லைச் சீமையில் முதியோர் இன்னும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடிவாரத்திலுள்ள குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, ராமநதி, கடனாநதி ஆகிய அணைகளின் நீர்மட்டமும் மழையளவும் நாள் தவறாமல் அளக்கப்பட்டுப் பத்திரிகைகளில் வெளியாகின்றன. வயலுக்குப் போகும் நீரை அங்குலம் அங்குலமாகக் கணக்கிடுகின்ற நாம், மனிதர் தலைமேல் விழும் நீரை மாத்திரம் கண்ணளவில் விட்டுவிட்டோம்.

அளப்பதோடு, கட்டியதைக் காப்பதும் வேண்டும்; அது பற்றித் தென்காசிக்குப் பிறர் போதிக்க வேண்டியதில்லை. 15ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், தான் கட்டியது என்றும் அழியாது என்று இறுமாந்து எழுதிவைக்கவில்லை. பிற்காலத்தில் இதற்குப் பழுது நேரக்கூடும் என்று எண்ணி, அதைச் செப்பனிடப் போகிறவர்களின் பாதங்களைத் தான் இப்போதே பணிவதாகக் கல்லில் பாட்டாகப் பொறித்துச் சென்றான். அவன் அஞ்சியது போலவே கோபுரம் நெருப்புக்கு இரையாகிச் சிதைந்து, நெடுங்காலம் நின்று, 1990-இல்தான் சுமார் 180 அடி உயரத்தில் மறுபடி எழுந்தது. முடிசூடிய மன்னன் ஒருவன், இன்னும் பிறக்காத கொத்தனுக்கும் தச்சனுக்கும் தலைவணங்கிய இடம் இது. கம்பி வேலி துருப்பிடித்திருக்கிறதா, படிக்கட்டில் பாசி ஏறியிருக்கிறதா, வெள்ளம் வந்தால் ஒதுங்குவதற்கு வழி அடைபடாமல் இருக்கிறதா என்று சீசனுக்கு முன்னே போய்ப் பார்க்கிற ஓவர்சீயரும் அந்த வணக்கத்துக்கு உரியவரே. நம்முடைய ஊர்களில் புதிதாகத் திறந்து வைப்பவருக்குக் கல்வெட்டு உண்டு. பழையதைப் பழுது பார்த்தவருக்கு இல்லை.

1816-ஆம் ஆண்டு அறிக்கை நமக்கு விட்டுச்சென்ற முறை ஒன்றுதான்: எழுதிவை, சேர்த்துப் பார், எல்லாரும் படிக்கும்படி அச்சிடு. செண்பகாதேவியிலும் தேனருவியிலும் ஐந்தருவியின் மேற்புறத்திலும் பழைய குற்றாலத்துக்கு மேலேயும் மழைமானியும் நீர்மட்டக் கருவியும் இருக்கவேண்டும்; அவை காட்டும் அளவு உடனுக்குடன் அருவிக்கரைக்கு வந்துசேர வேண்டும். எந்த நாள் எந்த நேரத்தில் எவ்வளவு மழை, எத்தனை நிமிஷத்தில் வெள்ளம் கீழே வந்தது, எப்போது தடை விதித்தார்கள், எப்போது நீக்கினார்கள், யாருக்கு என்ன காயம் என்பதை வருஷந்தோறும் சிறு புத்தகமாகத் தமிழில் வெளியிட வேண்டும். பத்து வருஷக் கணக்குக் கையிலிருந்தால் எவ்வளவு மழைக்கு எத்தனை நிமிஷ அவகாசம் என்பது விளங்கிவிடும். அதன்பின் காவலர் ஊகத்தின்மேல் விசில் ஊதவேண்டிய நிலை இராது. 2019-இல் தனி மாவட்டமான தென்காசிக்கு இது பெரிய செலவும் அன்று.

வருகிற சீசனில் அருவிக்குப் போகும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். காவலர் விசில் ஊதினால், இன்னும் ஒரு முறை தலையைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று நிற்காதீர்கள். உடனே வெளியேறுங்கள், பக்கத்தில் நிற்கும் குழந்தைகளையும் கூடவே அழைத்து வாருங்கள்.